பழைய கணினிகளை எந்த வழியில் வெளியேற்றுவது? தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ள கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள்கூட ஆய்வகத்திலிருந்து ஸ்டோர் அறைக்குப் போகின்றன. அங்கே ஏற்கெனவே பழைய டியூப் மானிட்டர், உப்பிய யுபிஎஸ் பேட்டரி, கழற்றிப் போட்ட ஏசி எல்லாம் அடைந்து கிடக்கும். எல்லாவற்றையும் சேர்த்து மூன்று கொட்டேஷன் வாங்கி, கிலோவுக்கு அதிக விலை சொன்னவரிடம் எடைக்குப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம்.

இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். ஒரே குவியலுக்கு ஒரே வழி என்று போனால், நல்ல இயந்திரம் இரும்பு விலைக்குப் போகும். நச்சுள்ள பொருள் யாருக்கும் வேண்டாததாகித் தெருவோரம் விழும். முதலில் பிரிக்க வேண்டும். எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு, பிரித்த ஒவ்வொரு குவியலுக்கும் தனி விடைதான் கிடைக்கும்.

சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது?

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கென்றே தனி விதிகள் 2011-இல் வந்தன. 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் அவை மாற்றி எழுதப்பட்டன. இப்போது இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். ஏழு பிரிவுகளில் 106 வகைப் பொருட்களை அவை பட்டியலிடுகின்றன. உற்பத்தி செய்பவர், சந்தைக்குக் கொண்டுவரும் பிராண்டு நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகிய நால்வரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் பதிந்தாக வேண்டும்.

கல்லூரியையும் அலுவலகத்தையும் நேரடியாகத் தொடுவது ‘பெரும் நுகர்வோர்’ என்ற சொல். ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது, பட்டியலில் உள்ள கருவிகளில் 1,000 அலகுகளைப் பயன்பாட்டில் வைத்திருந்த எந்த அமைப்பும் பெரும் நுகர்வோர்தான். ‘எங்களிடம் 300 கணினிதானே இருக்கிறது’ என்று நினைத்து இதைக் கடந்துவிடுகிறார்கள். பட்டியலில் பாதரசக் குழல் விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஏசி, பிரிண்டர், தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. மூன்று மாடிக் கட்டடத்தின் விசிறிகளையும் டியூப்லைட்டுகளையும் எண்ணினாலே பல கல்லூரிகள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மானிட்டர், கீபோர்டு, மவுஸோடு சேர்ந்த ஒரு டெஸ்க்டாப் ஓர் அலகு என்று எண்ணுங்கள்.

பெரும் நுகர்வோரின் கடமை ஒரே வரியில் முடிகிறது: மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற பிராண்டு நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். விதிகள் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 2023-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி மீறலுக்குச் சிறைக்குப் பதில் ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம். ஆயிரத்துக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு அலுவலகத்துக்கு இந்தக் கடமை நேரடியாக இல்லை. ஆனாலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் தகவலுக்கு அவர்களும் பொறுப்புதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

பேசுவதற்கு வசதியாக ஒரு நடுத்தரக் கல்லூரியின் குவியலை வைத்துக்கொள்வோம். 150 டெஸ்க்டாப் பெட்டிகள், ஒன்று 8 கிலோ வீதம் 1,200 கிலோ. பதினேழு அங்குல டியூப் மானிட்டர் 60, ஒன்று 15 கிலோ வீதம் 900 கிலோ. எல்சிடி மானிட்டர் 90, நான்கு கிலோ வீதம் 360. கீபோர்டு, மவுஸ் 120 கிலோ. லேப்டாப் 20, மொத்தம் 46 கிலோ. ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி நான்கு, உள்ளும் வெளியும் சேர்த்து 180 கிலோ. நான்கடி டியூப்லைட் 300, சுமார் 60 கிலோ. ஆக 2,866 கிலோ. யுபிஎஸ் பேட்டரி இந்தக் கணக்கில் சேராது. அது வேறு சட்டம், பிறகு வருகிறேன்.

இரண்டு கொட்டேஷனுக்கு இடையே கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் இருந்தால் மொத்தத் தொகையில் ரூ.28,660 வித்தியாசம். கொள்முதல் குழு மணிக்கணக்கில் விவாதிப்பது இந்தத் தொகையைத்தான். இதே குவியலில் எட்டு வருடத்துக்குள்ளான ஐம்பது இயந்திரங்கள் இருந்து, அவை எடைக்குப் போகாமல் கருவியாக விற்றால் கிடைக்கும் கூடுதல் தொகை இதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அதைப் பற்றிக் குழுவில் யாரும் பேசுவதில்லை.

காயலான் கடை

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் கூவிய காலத்திலிருந்து நம் ஊரில் எந்த உலோகமும் வீணாகப் போனதில்லை. அந்த வலைப்பின்னலின் திறமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர்கள் உடனே வருவார்கள், ரொக்கம் தருவார்கள், துரும்பு விடாமல் அள்ளிக்கொண்டு போவார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. ராம், பிராசஸர், ஹார்டு டிஸ்க் ஆகியவை பழைய உதிரிபாகச் சந்தைக்குப் போகும். பெட்டித் தகரமும் ஹீட்சிங்க் அலுமினியமும் எடைக்குப் போகும். கேபிள் எரிக்கப்படும், பிவிசி உறை எரியும்போது டையாக்சின் வெளிவரும். சர்க்யூட் போர்டு கைமாறிக் கைமாறி வடக்கே போகும். தில்லி சீலம்பூரில் பிரிக்கப்பட்டு, உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற ஊர்களில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் தங்கமும் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதைச் செய்பவர் கையுறைகூட இல்லாமல் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்.

டியூப் மானிட்டரில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அதன் கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக் காயிலுக்கும் உள்ளே உள்ள போர்டுக்கும் விலை உண்டு. ஈயம் கலந்த புனல் கண்ணாடிக்கு வாங்குபவர் இல்லை. ஆகவே காயிலை அறுத்துக்கொண்டு கண்ணாடியை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ தள்ளிவிடுவார்கள். கிலோவுக்கு அவர் அதிகம் தர முடிவதற்குக் காரணமே இந்தச் செலவு அவர் கணக்கில் இல்லாததுதான். பெரும் நுகர்வோர் இந்த வழியில் போவது நேரடியான விதிமீறல். மற்றவர்களுக்கும் எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

எக்ஸ்சேஞ்ச்: பில்லில் வசதி, பொறுப்பில் ஓட்டை

புதிய கணினி வாங்கும் டெண்டரிலேயே பழையதற்கு ஒரு தொகை கழித்துக்கொள்வது கணக்குப் பிரிவுக்குப் பிடித்த வழி. தனி ஏலம் வேண்டாம், தனி அனுமதி வேண்டாம். ஆனால் டெண்டரில் ஜெயிப்பவர் பெரும்பாலும் டீலர்; பிராண்டு நிறுவனம் அல்ல. விதி சொல்லும் ‘பதிவுபெற்ற பிராண்டு நிறுவனம்’ என்ற இடத்தில் டீலர் நிற்க முடியாது. டீலரின் வண்டியில் ஏறிய கணினி மறுநாள் காயலான் கடையில் இறங்கினால், உங்களிடம் இருப்பது ஒரு கேட்பாஸ் மட்டும்.

இந்த வழியை எடுப்பதென்றால் இரண்டு தாள்கள் கேளுங்கள். ஒன்று, பழைய பொருளைத் தன் சார்பில் டீலர் பெற்றுக்கொள்கிறார் என்று பிராண்டு நிறுவனம் தரும் கடிதம், அதன் பதிவு எண்ணோடு. மற்றொன்று, அந்தப் பொருள் எந்த மறுசுழற்சி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை. எடையும் தேதியும் அதில் இருக்க வேண்டும். முதல் கடிதத்தைத் தர மறுத்தால் எக்ஸ்சேஞ்ச் தொகை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இன்னொரு சிக்கல்: எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்பவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு டியூப் மானிட்டரையும் பழுதான யுபிஎஸ்ஸையும் உங்கள் ஸ்டோரிலேயே விட்டுப் போவார்.

புதுப்பிப்பவரிடம் கொடுப்பது

ஓடும் இயந்திரத்துக்கு இதுவே முதல் தேர்வு. ஒரு கணினியைச் செய்ய ஆன தாதுவும் மின்சாரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அதை இன்னும் நான்கு வருடம் ஓடவைப்பதைவிட நல்ல மறுசுழற்சி கிடையாது. 2022 விதிகளும் இதை ஏற்கின்றன. பதிவுபெற்றவர் புதுப்பித்தால், பிராண்டு நிறுவனத்தின் மறுசுழற்சிப் பொறுப்பு அந்தக் கருவியின் நீட்டித்த ஆயுள் முடியும்வரை தள்ளிப்போகும். அதன் பிறகும் அந்த அளவில் 75 சதவீதம்தான் அவர் கணக்கில் சேரும்.

இவர்கள் விலை பேசுவது கிலோவுக்கு அல்ல. ஒவ்வோர் இயந்திரத்துக்கும், நிலைக்கு ஏற்பத் தரம் பிரித்து. அதனால் பட்டியல் துல்லியமாக இருக்க வேண்டும்: மாடல், வரிசை எண், பிராசஸர் தலைமுறை, ராம் அளவு, டிஸ்க் வகை, திரை நிலை, அடாப்டர் இருக்கிறதா. லேப்டாப்புக்கு அடாப்டர் இல்லையென்றால் விலை இறங்கும். பயாஸ் பாஸ்வேர்டு (கணினி தொடங்கும்போதே கேட்பது) போட்டு, அதைப் போட்ட லேப் உதவியாளர் வேலையை விட்டுப் போயிருந்தால் இன்னும் இறங்கும். டேப்லெட்டும் ஃபோனும் பழைய கணக்கில் பூட்டியபடியே இருந்தால் அவை வெறும் கழிவுதான். லாக்-அவுட் செய்த பிறகே பட்டியலில் சேருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஏலத்துக்கு முன் உள்ளேயே நடக்கும் உருவல். பட்டியல் எடுத்தது ஜூன் மாதம். வண்டி வருவது செப்டம்பர். இடையில் வேறு ஆய்வகத்துக்கு ராம் தேவைப்படுகிறது, இதிலிருந்து கழற்றுகிறார்கள். வந்து பார்ப்பவர் இருபது பெட்டியில் ராம் இல்லை என்றதும் மொத்த விலையையும் திரும்பப் பேசுவார். பட்டியல் எடுத்த அன்றே பெட்டிகளுக்கு எண்ணிட்ட ஸ்டிக்கர் சீல் ஒட்டி, அறையைப் பூட்டி, சாவியை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

மறுசுழற்சி ஆலை: எல்லாரும் ஒன்றல்ல

ஓடாத இயந்திரம், டியூப் மானிட்டர், எரிந்த போர்டு, அறுந்த கேபிள் ஆகியவை இங்கேதான் போக வேண்டும். ‘அரசு அங்கீகாரம் பெற்றவர்’ என்று விசிட்டிங் கார்டில் போட்டிருப்பதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐந்து விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, பதிவு எந்த விதியின் கீழ். 2016 விதிகளின் கீழ் மாநில வாரியம் பிரித்தெடுப்பவர்களுக்குத் தனி அங்கீகாரம் தந்தது. 2022 விதிகளில் பிரித்தெடுப்பவர் என்ற தனிப் பிரிவே கிடையாது. அந்தப் பழைய தாளை இன்றும் சிலர் லேமினேட் செய்து காட்டுகிறார்கள். மத்திய வாரியத்தின் இணையவாசலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, எந்தப் பொருட்களுக்குப் பதிவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு உண்டு. கணினிக்குப் பதிவு வைத்திருப்பவர் ஏசிக்கோ பாதரச விளக்குக்கோ வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியும் அவருடைய பதிவில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இல்லாததைத் தனிக் குவியலாக்கி வேறு ஆலைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, ஆண்டுக் கொள்ளளவு. நான்காவது, காற்று, நீர்ச் சட்டங்களின் கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இயக்க இசைவு இன்னும் செல்லுபடியாகிறதா என்பது. இதில் சந்தேகம் வந்தால் அந்த மாவட்டத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம்.

ஐந்தாவது எல்லாவற்றிலும் முக்கியமானது: ஆலையில் உண்மையில் என்ன இயந்திரம் ஓடுகிறது? ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கேபிள் உரிக்கும் இயந்திரம், நொறுக்கி, தூசி உறிஞ்சும் அமைப்பு, டியூப்பை வெப்பக் கம்பியால் இரண்டாகப் பிரிக்கும் அறை, போர்டை எங்கே அனுப்புகிறார்கள் என்பதற்கான விற்பனைப் பில் ஆகியவற்றைக் கேளுங்கள். வெறும் மேசையும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் இருந்தால் அது பிரித்தெடுக்கும் கிடங்குதான்.

இந்த ஆலைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பேரம் பேசுவது எளிது. உலோகத்தை விற்பது ஒரு வருமானம். இன்னொன்று சான்று. பிராண்டு நிறுவனங்கள் தாங்கள் முன்பு விற்ற சரக்கில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்ததாகக் காட்ட வேண்டும். 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதன் பிறகு 80. அந்தச் சான்றை அவர்கள் ஆலைகளிடம் வாங்குகிறார்கள். 2024-இல் மத்திய அரசு இந்தச் சான்றுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்கு ரூ.22. அதை எதிர்த்துப் பல பெரிய நிறுவனங்கள் தில்லி உயர்நீதிமன்றம் போயின. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் ஆலைக்கு உலோகமாகவும் சான்றாகவும் இரண்டு முறை வருமானம் தருகிறது. ‘இதற்கு நாங்கள்தான் செலவு செய்ய வேண்டும்’ என்று அவர் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சான்றுக் கணக்கு தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்ற நான்கு உலோகங்களை அடிப்படையாக வைத்தே தொடங்கப்பட்டது. ஈயக் கண்ணாடி, பாதரசம், தீத்தடுப்பு வேதிப்பொருள் கலந்த பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பத்திரமாக அகற்றினால் அதற்கென்று சான்று இல்லை. ஆபத்தான பொருளில் வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் ‘டியூப் மானிட்டர் முழு டியூபாக, எண்ணிக்கைப்படி எடுத்துச் செல்லப்பட வேண்டும்’ என்று எழுதவில்லையென்றால், நல்ல ஆலைகூடப் பெட்டிகளை முதலில் ஏற்றிக்கொண்டு மானிட்டரை ‘அடுத்த ட்ரிப்’ என்று தள்ளிப்போடும். அடுத்த ட்ரிப் வராது. முதல் வண்டியில் டியூப் மானிட்டர் ஏறிய பிறகே பெட்டிகளை ஏற்றவிடுவது பலனளிக்கும் சின்ன உத்தி.

இணையவழி ஏலம்

அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஏலத் தளம் வழியாகவோ அரசு மின்சந்தையின் ஏலப் பகுதி வழியாகவோ போவது வழக்கம். தணிக்கைக்கு முன் நிற்கும் அதிகாரிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை: விலை எப்படி வந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. ஆனால் வாரங்கள் பிடிக்கும். ஏலத்தை நடத்தித் தருபவருக்குக் கட்டணம் உண்டு. ஓரிரு டன்னுக்குக் குறைவான சரக்குக்கு ஏலம் கேட்க ஆள் வருவதே அரிது.

ஏலத்தின் வெற்றி தோல்வி, சரக்கைத் தனித்தனித் தொகுதியாக, அதாவது லாட்டாக, பிரிப்பதில் இருக்கிறது. உடைந்த பெஞ்சு, இரும்பு பீரோ, கணினி மூன்றையும் ஒரே லாட்டில் போட்டால் பொது இரும்பு வியாபாரிகள் வந்துவிடுவார்கள். மின்னணுக் கழிவு தவறான கைக்குப் போகும். மின்னணுக் கழிவு தனி லாட், பங்கேற்பவர் மத்திய வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளராகவோ புதுப்பிப்பவராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்’ என்ற நிபந்தனையை நம்பி, பார்வையிடும் நாளில் சரக்கை மூடிவைக்காதீர்கள். பார்க்க முடியாததற்கு எவரும் நல்ல விலை கேட்க மாட்டார்.

தானம்

பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுப்பது நல்ல செயல், இயந்திரம் ஓடினால். நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுச் சோதித்து, எஸ்எஸ்டி (சுழலாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றும் குறைந்தது 8 ஜிபி ராமும் போட்டு, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் பத்து வருடக் கணினியும் பாடத்துக்குப் போதும். ஓடாததைத் தானம் என்ற பெயரில் தள்ளுவது உங்கள் கழிவை ஏழைப் பள்ளியின் தலையில் கட்டுவது.

பதிவேட்டில் ஒரு நுணுக்கம். ‘கழிவு செய்யப்பட்டது’ என்று எழுதிவிட்ட பிறகு தானம் செய்தால், மின்னணுக் கழிவைப் பதிவில்லாதவரிடம் கொடுத்ததாக ஆகும். ஓடும் நிலையில் உள்ளதைக் கழிவுப் பட்டியலில் சேர்க்காமல், ‘மாற்றிக்கொடுத்தல்’ என்று தனிக் கோப்பில் எழுதுங்கள். ஆயுள் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

எந்த வழியாக இருந்தாலும் டிஸ்க் முதலில்

மாணவர் ஆதார் எண், சம்பளப் பட்டியல், மருத்துவ விடுப்புச் சான்று எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு எடுக்காத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஃபார்மட் செய்வது அழிப்பதல்ல; அட்டவணையை மட்டும் துடைப்பது. இலவச மென்பொருளால் மீட்டுவிடலாம்.

சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு முழுப் பரப்பிலும் ஒருமுறை மேலெழுதினால் போதும். ஏழுமுறை எழுத வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. 500 ஜிபி டிஸ்க், விநாடிக்கு 100 எம்பி வேகத்தில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரே நேரத்தில் எட்டு டிஸ்க் போட்டால் 150 டிஸ்க்குக்கு 19 சுற்று, கிட்டத்தட்ட 28 மணி நேரம்: நான்கு வேலை நாட்கள். மோசமான செக்டர் வந்து மென்பொருள் பாதியில் நின்ற டிஸ்க்கை ‘முடிந்தது’ என்று குறிக்காதீர்கள். அது நொறுக்கும் குவியலுக்கு.

எஸ்எஸ்டியில் மேலெழுதுவது வேலைக்கு ஆகாது. அதன் கட்டுப்படுத்தி சில செல்களை ஒதுக்கி மறைத்து வைத்திருக்கும். நீங்கள் எழுதுவது அங்கே போகாது. டிரைவிலேயே உள்ள ‘செக்யூர் இரேஸ்’ அல்லது ‘சானிடைஸ்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ‘ஃப்ரோசன்’ என்று காட்டி மறுத்தால் பயாஸ் அதைப் பூட்டியிருக்கிறது என்று பொருள். கணினியை ஒருமுறை ஸ்லீப் நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். காந்தத்தால் அழிக்கும் கருவி எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. பெரிய ஜெராக்ஸ் இயந்திரத்துக்குள்ளும் டிஸ்க் உண்டு. அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எடுப்பவர் ‘எங்கள் ஆலையிலேயே அழித்துத் தருகிறோம்’ என்றால், நொறுக்கும் வண்டியை உங்கள் வளாகத்துக்கே வரச் சொல்லுங்கள். முடியாதென்றால் டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் குறையும், குறையட்டும்.

பேட்டரி, ஏசி, டியூப்லைட்

யுபிஎஸ் பேட்டரி மின்னணுக் கழிவு விதிகளில் வராது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளில் வரும். ஈய-அமில பேட்டரிக்குப் புதியது வாங்கும்போதே பழையதைத் திருப்பிக் கொடுப்பது சுலபம், விலையும் உண்டு. அமிலத்தைக் கீழே கொட்டி ‘உலர்ந்த எடை’யாகக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். நிமிர்த்தியே வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை லேப்டாப்பிலிருந்து நெம்பி எடுக்காதீர்கள். எளிதாக வருவதென்றால் மட்டும் கழற்றி, மணல் நிரப்பிய இரும்பு வாளியில் தனியே வையுங்கள்.

ஏசியைக் கழற்றும் ஆள் செம்புக் குழாயை அப்படியே அறுத்தால் உள்ளிருக்கும் வாயு மொத்தமும் காற்றில் போகும். பழைய ஒன்றரை டன் ஏசியில் ஏறத்தாழ ஒரு கிலோ ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு இருக்கும். அது ஓசோனையும் அரிக்கும், வெப்பமூட்டுவதில் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கம்ப்ரஸர் ஓடும் நிலையில் இருந்தால் கூலிங்கில் ஓடவிட்டு, வெளி யூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை மூடி, ஓரிரு நிமிடத்தில் அழுத்தம் இறங்கியதும் தடித்த குழாய் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். வாயு வெளி யூனிட்டுக்குள் அடைபட்டுவிடும். இதைத் தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும். குழாயில் காற்று புகுந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டால் கம்ப்ரஸர் வெடிக்கும் ஆபத்து உண்டு. ஓடாத ஏசிக்கு வாயுவை சிலிண்டரில் உறிஞ்சிச் சேகரிக்கும் கருவி வேண்டும்.

டியூப்லைட் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். புதியது வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை நிறுத்தி வையுங்கள். உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். துடைப்பம் வேண்டாம், தடித்த அட்டையால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

வண்டி வரும் நாள்

எங்கள் மாதிரிக் கல்லூரிக்கு முடிவு இப்படி வரும்: ஓடும் ஐம்பது, அறுபது டெஸ்க்டாப்பும் நல்ல எல்சிடியும் புதுப்பிப்பவருக்கு, மீதிப் பெட்டியும் டியூப் மானிட்டரும் ஒரே மறுசுழற்சி ஆலைக்கு, பிரிக்காத ஒரே ஒப்பந்தமாக, ஏசியும் டியூப்லைட்டும் அவற்றுக்குப் பதிவுள்ளவருக்கு, பேட்டரி, புதிய பேட்டரி விற்கும் டீலருக்கு. கொட்டேஷன் கேட்கும் முன்பே இந்தப் பிரிப்பை முடித்துவிடுங்கள், பிறகு அல்ல.

ஆலையின் எடையை மட்டும் நம்பாதீர்கள். வழியிலுள்ள எடை மேடையில் காலி வண்டியையும் ஏற்றிய வண்டியையும் உங்கள் ஆள் உடனிருக்க எடை போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். பில், டெலிவரி சலான், வண்டி எண், தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில், வெளிமாநிலத்துக்குப் போனால் ஐம்பதாயிரத்திலிருந்தே. பணம் வங்கி வழியாக மட்டும். ஏற்றும்போது எண்ணிக்கையை வரிசை எண் பட்டியலோடு டிக் அடியுங்கள்.

பின்னால் ஆலை தரும் சான்றில் உள்ள எடையும் எடை மேடைச் சீட்டில் உள்ள எடையும் பொருந்த வேண்டும். 2,000 கிலோ ஏற்றி 1,400 கிலோவுக்குச் சான்று வந்தால், அறுநூறு கிலோ வழியில் எங்கோ இறங்கியிருக்கிறது. அந்த ஆலைக்குப் பதினைந்து நாள் கெடு வைத்து எழுத்தில் விளக்கம் கேளுங்கள். வராவிட்டால் சீட்டு, சலான், சான்று மூன்றின் நகலையும் இணைத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு, ஆலை கட்டிய முன்வைப்புத் தொகையைத் திருப்பித் தராமல் நிறுத்தி வையுங்கள்.